ஞாயிறு வாசகங்களுக்குக் கதைகள்: மத்தேயு ஆண்டுக்கான கோப்பு, உதவி தேவை

கடைசிபெஞ்ச்:

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு 2025 நவம்பர் 30. அன்றிலிருந்து முதல் ஆண்டு வாசகங்கள், அதாவது மத்தேயு. ஞாயிறுக்கு ஒரு கதை என்ற கணக்கில் ஒரு கோப்பு தயாராகிறது. மறையுரை ஆற்றுபவர், வாசக முன்னுரை எழுதுபவர், மறைக்கல்வி ஆசிரியர் மூன்று பேரும் எடுத்தாளும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஐந்து கட்டம்: தேதி, வாசகப் பகுதி, அந்தப் பகுதி எந்த இடத்தில் திரும்புகிறது என்று ஒரு வரி, கதை, கதை எங்கிருந்து வந்தது. கடைசிக் கட்டம்தான் பாதிக்கு மேல் காலி. "வாட்ஸப்பில் வந்தது" என்று அதில் எழுதிவைக்க முடியாது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கதை தேடும்போது முதலில் எதைப் பார்ப்பது? எந்தக் கதைகளை ஈவிரக்கமில்லாமல் தூக்கலாம்?

உபதேசியார்:

தம்பி, கதைக்கு முன்னால் நாட்காட்டி. உழைப்பு வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆண்டை மூன்றால் வகுத்து மீதி 1 வந்தால் மத்தேயு, 2 வந்தால் மாற்கு, மீதியே இல்லாவிட்டால் லூக்கா. 2026க்கு மீதி 1. இதில் கத்தோலிக்கப் பக்கம் ஒரு குழி இருக்கிறது. ஞாயிறு வாசகம் மூன்றாண்டுச் சுற்று; பொதுக்கால (திருவருகை, தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத) வார நாட்களின் முதல் வாசகம் ஈராண்டுச் சுற்று. ஒற்றைப்படை வருடம் முதல் ஆண்டு, இரட்டைப்படை இரண்டாம் ஆண்டு. ஆக 2026 பொதுக்காலத்தில் ஞாயிறன்று முதல் ஆண்டு, மறுநாள் திங்களன்று இரண்டாம் ஆண்டு. கோப்பின் பெயரில் "முதல் ஆண்டு" என்று மட்டும் போட்டால் வார நாள் பூசைக்கு யாராவது தவறான பக்கத்தைத் திறப்பார்கள். "ஞாயிறு, மத்தேயு" என்று போடுங்கள்.

அடுத்தது, எல்லா ஞாயிறும் வராது. ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழும். 2026இல் ஏப்ரல் 5, சாம்பல் புதன் பிப்ரவரி 18. அதனால் பொதுக்காலத்தின் முதல் பகுதி 6ஆம் ஞாயிறோடு (பிப்ரவரி 15) நின்றுவிடுகிறது. பெந்தெகொஸ்தே மே 24, திரித்துவ ஞாயிறு மே 31. கிறிஸ்துவின் திருவுடல் விழாவை ஞாயிறுக்கு மாற்றும் இடங்களில் ஜூன் 7உம் போய், ஜூன் 14இல் நேராக 11ஆம் ஞாயிறு. நடுவில் உள்ளவை காணாமல் போகும். பகைவரை நேசிப்பது (மத்தேயு 5:38-48) 7ஆம் ஞாயிறு. பாறைமேல் கட்டிய வீடு (7:21-27) 9ஆம் ஞாயிறு. இரண்டுக்கும் நல்ல கதை வைத்திருந்தால் பத்திரமாக மூடி வையுங்கள், 2026இல் ஞாயிறன்று அவை வாசிக்கப்படாது.

புராட்டஸ்டண்ட் சபைக்காரர்களான நாங்கள் எடுப்பது 1992இல் வந்த திருத்திய பொது வாசக அட்டவணை. அதில் பெந்தெகொஸ்தேக்குப் பிந்தைய ஞாயிறுகளுக்குப் போட்டிருக்கும் "Proper" எண்ணோடு 5 கூட்டினால் உங்கள் பொதுக்கால ஞாயிறு எண் வரும். எங்கள் 10, உங்கள் 15. சுவிசேஷம் பெரும்பாலும் ஒன்றுதான். பழைய ஏற்பாட்டில்தான் பிரிகிறோம். எங்களிடம் இரண்டு தடம் உண்டு: ஒன்று சுவிசேஷத்தோடு இணைந்தது, மற்றது தொடர் வாசிப்பு. மத்தேயு ஆண்டில் தொடர் வாசிப்பு ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிறது. முதல் வாசகத்தை நம்பி எழுதிய கதை அந்தத் தடத்தில் இருக்கிறவர்களுக்கு உதவாது. மறுரூப சம்பவமும் அப்படித்தான்: உங்களுக்குத் தவக்காலம் இரண்டாம் ஞாயிறு, எங்களுக்கு லெந்துக்கு முந்தின ஞாயிறு.

மெழுகுத்திரி:

ஐயா சொன்னதோடு ஒன்று. பொதுக்காலத்தில் முதல் வாசகமும் நற்செய்தியும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. இரண்டாம் வாசகம் தன்பாட்டுக்குத் திருமுகத்தைத் தொடர்ந்து போகிறது. மூன்றையும் ஒரே கதையால் கட்டப் பார்க்கிறவர்கள் கடைசியில் "அன்பு", "நம்பிக்கை" என்ற அளவுக்குத் தேய்ந்துபோன கதையில் வந்து நிற்பார்கள். எந்த வாசகத்துக்கு என்று கட்டத்திலேயே குறித்துவிடுங்கள்.

முதலில் எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு: கருப்பொருளைப் பார்க்காதீர்கள், திருப்பத்தைப் பாருங்கள். நீங்கள் மூன்றாவது கட்டம் என்று வைத்திருப்பதுதான் முழுக் கோப்பின் சாவி. திராட்சைத் தோட்ட வேலையாட்கள் (மத்தேயு 20:1-16, 25ஆம் ஞாயிறு, 2026 செப்டம்பர் 20) எடுத்துக்கொள்வோம். "தாராள மனம்" என்று தேடினால் நல்ல முதலாளி கதைகள் நூறு வரும். ஒன்றும் ஒட்டாது. ஏனென்றால் உவமை திரும்புவது முதலாளியிடம் இல்லை, விடியற்காலையில் வந்தவனிடம். பேசிய ஒரு தெனாரியம் (ஒரு நாள் கூலி) அவன் கைக்கு வந்துவிட்டது, ஒரு காசு குறையவில்லை, இருந்தும் அவனுக்கு வயிறு எரிகிறது. ஆகவே தேட வேண்டியது, தனக்கு வர வேண்டியது முழுசாக வந்தும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் புழுங்கும் ஒருவரின் கதை. இன்னொன்றும் கவனியுங்கள். உவமை ஒரு கேள்வியில் முடிகிறது, அந்த ஆள் என்ன பதில் சொன்னான் என்று மத்தேயு எழுதவில்லை. உங்கள் கதையில் அவன் மனம் திருந்தி முதலாளியைக் கட்டிப்பிடித்தால் உவமையைவிடக் கதை அதிகம் பேசிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பத்தியை வெட்டுங்கள்.

கடைசிபெஞ்ச்:

இது உடனே உபயோகமாகிறது. திருவருகைக் காலத்துக்கு என்னிடம் இருப்பதெல்லாம் கிறிஸ்துமஸ் கதைதான்.

மெழுகுத்திரி:

எல்லாருக்கும் வரும் சிக்கல்தான். முதல் ஞாயிறு நற்செய்தி மூன்று ஆண்டிலும் இரண்டாம் வருகை. குழந்தையும் இல்லை, தீவனத் தொட்டியும் இல்லை. இரண்டும் மூன்றும் திருமுழுக்கு யோவான். நான்காவது ஞாயிறில்தான் யோசேப்பும் மரியாவும் வருகிறார்கள். குடில் கதையை டிசம்பர் 25க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாணி:

திருவருகைக் காலத்துக்கு ஆதாரம் உறுதியான மூன்று தருகிறேன், கட்டத்தில் அப்படியே போடலாம்.

நவம்பர் 30, முதல் வாசகம், எசாயா 2:1-5. சிற்பி யெவ்கேனி வுச்செடிச் செய்த வெண்கலச் சிலை, ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வாளுமாய், வாளைக் கலப்பைக் கொழுவாக அடிக்கும் மனிதன். 1959இல் சோவியத் யூனியன் ஐ.நா.வுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. 1961 அக்டோபரில் அதே நாடு, அதுவரை யாரும் வெடிக்காத அளவு பெரிய அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. "பார்த்தீர்களா, போலித்தனம்" என்று இங்கே நிறுத்தினால் அது அரசியல் மேடை. எசாயாவில் 3ஆம் வசனத்தில் மக்களினங்கள் மலைக்கு ஏறி ஆண்டவரின் வழியைக் கற்கிறார்கள், 4ஆம் வசனத்தில்தான் வாள் உருமாறுகிறது. சிலை 4ஐ மட்டும் காட்டுகிறது. கதையின் பயன் அந்த இடைவெளியில் இருக்கிறது.

அதே ஞாயிறு இரண்டாம் வாசகம், உரோமையர் 13:11-14. கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அகுஸ்தீன் புத்தகத்தைத் திறந்து படித்தது இந்தப் பகுதியின் கடைசி இரண்டு வசனங்களைத்தான். "எடுத்துப் படி" என்ற குழந்தைக் குரல் வரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். பலர் விடுவது, பக்கத்தில் இருந்த நண்பர் அலிப்பியுஸ். அவர் அடுத்த வரியையும் பார்த்தார்: நம்பிக்கையில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற 14:1. அது தனக்கு என்று எடுத்துக்கொண்டார். வாசகம் 13:14இல் முடிந்துவிடுவதால் நவம்பர் 30இல் அலிப்பியுஸைத் தொடாதீர்கள். உபதேசியார் ஐயா பின்பற்றும் அட்டவணையில் ரோமர் 14:1-12 வரும் நாள் 2026 செப்டம்பர் 13. கதையின் இரண்டாம் பாதி அன்றைக்கு.

டிசம்பர் 14, மூன்றாம் ஞாயிறு, மத்தேயு 11:2-11. யோவான் சிறையிலிருந்து "வரவிருப்பவர் நீர்தானா?" என்று ஆள் அனுப்புகிறார். நாசிகள் சிறையிலடைத்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1943 நவம்பர் 21 அன்று டெகல் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறை அறை திருவருகைக் காலத்தைப் போன்றது என்கிறார். காத்திருக்கிறோம், எதையாவது செய்து பொழுதைப் போக்குகிறோம், கதவு பூட்டியிருக்கிறது, வெளியிலிருந்துதான் திறக்க முடியும். இவ்வளவுதான் கதை. 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டதைச் சேர்த்தால் கேட்கிறவர் மனம் முழுக்க மறைசாட்சியத்துக்குப் போய்விடும், யோவானின் கேள்வி தொலைந்துவிடும். இதை எடுத்துப் பேசுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சேர்க்கத்தான் செய்வார்கள். கட்டத்தில் "இங்கே நிறுத்தவும்" என்று சிவப்பில் எழுதுங்கள்.

சண்டேஸ்கூல்டீச்சர்:

எழுத்தாணி அண்ணா, இதெல்லாம் பெரியவங்களுக்குச் சரி. பிள்ளைகளுக்கு? ஏழு எட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகிட்ட "கதவு வெளியிலிருந்து திறக்கும்"னு சொன்னா வகுப்பறைக் கதவைத்தான் பார்ப்பாங்க. அவங்களுக்கு உருவகம் எடுபடாது, பொருள் எடுபடும்.

மத்தேயு 13:33ஐ எடுத்துக்கோங்க. ஒரு பெண் மூன்று மரக்கால் மாவில் புளிப்பு மாவை அடக்கி வைக்கிறாள். அந்த அளவு இன்றைக்கு ஏறத்தாழ 36 முதல் 40 லிட்டர். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ரெண்டைக் கொண்டுவந்து முன்னால வைங்க, "இவ்வளவு மாவு"னு சொல்லுங்க. பிசையிறவங்க கை என்ன ஆகும்னு கேளுங்க. சுடும் அப்பம் நூறு பேருக்கு மேல் காணும். ஒரு வீட்டுக்கு எதுக்கு இவ்வளவுன்னு பிள்ளைங்களே கேட்பாங்க; அந்தக் கேள்விதான் பாடம். தனியா கதையே வேண்டாம்.

கடுகும் அப்படித்தான். விதை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஒளிபுகும் டேப்பில் ஒட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தா கீழே விழாது, மூக்கிலும் போகாது. கருங்கடுகுச் செடி ரெண்டு மூணு மீட்டர் வரை வளரும், அந்த உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறிச்சுக் காட்டுங்க. ஆலமரம் மாதிரி படம் வரையாதீங்க. அது ஓராண்டுச் செடி. இயேசு சொல்றதில் கொஞ்சம் சிரிப்பும் இருக்கு. ரெண்டும் 16ஆம் ஞாயிறு, ஜூலை 19.

உபதேசியார்:

டீச்சர் சொன்னதை நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். அளவை விளங்க வைத்தாலே பாதி உவமைகளுக்கு வெளிக்கதை தேவைப்படாது.

மத்தேயு 18:21-35, செப்டம்பர் 13. ஒருவன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து, அவனுக்கு வர வேண்டியது நூறு தெனாரியம் (வெள்ளிப்பணம்). ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்று மத்தேயு 20:2இலேயே இருக்கிறது. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஆகப் பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் இரண்டு லட்சம் வருட உழைப்பு. மற்றவன் தர வேண்டியது மூன்று மாதச் சொச்சம். விகிதம் ஆறு லட்சத்துக்கு ஒன்று. வரலாற்று ஆசிரியர் யோசேபு எழுதியபடி கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து ஏரோது அந்திப்பாவுக்கு வருடத்துக்கு 200 தாலந்து கொடுத்தன. அந்த நாட்டு வரி முழுவதையும் ஐம்பது வருடம் கொட்டினால்தான் இந்தக் கடன் அடையும். "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் கெஞ்சுவது எவ்வளவு பெரிய பிதற்றல் என்று அப்போதுதான் தெரியும்.

கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். வாயால் சொன்னால் பூஜ்யங்கள் காற்றோடு போய்விடும்.

நவம்பர் 15இல் வரும் தாலந்து உவமைக்கும் இதே கணக்கு. ஒரே ஒரு தாலந்து பெற்றவனும் இருபது வருடக் கூலியைத்தான் மண்ணில் புதைத்தான். "எனக்குத் திறமை கொஞ்சம்தான்" என்ற வகைக் கதைகள் அங்கேயே அடிபட்டுப் போகின்றன.

மெழுகுத்திரி:

செப்டம்பர் 13க்கு எல்லாரும் எடுப்பது கோரி டென் பூம் சம்பவம். அவர் கைதியாக இருந்த ராவென்ஸ்புருக் நாசி வதைமுகாமில் காவலாளியாக இருந்தவன் 1947இல் மியூனிக்கில் அவர் பேசிய கூட்டத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டு கையை நீட்டியது, அவர் கை உடனே எழும்பாதது. அவரே எழுதியது, ஆதாரத்துக்குக் குறையில்லை. ஆனால் பயன்படுத்தும்போது எச்சரிக்கை வேண்டும். அங்கே போர் முடிந்துவிட்டது, முகாம் மூடியாயிற்று, குற்றவாளி தானே வந்து தன் குற்றத்தைச் சொல்லிக் கேட்டான். வீட்டில் இன்றைக்கும் அடிவாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டால், "நீயும் கையை நீட்டு" என்றுதான் காதில் விழும். முந்தின ஞாயிறு செப்டம்பர் 6இல் 18:15-20 வாசிக்கிறோம்: குற்றம் செய்தவரைத் தனியே கண்டித்து, பிறகு சாட்சிகளோடு, பிறகு திருச்சபையிடம். மத்தேயு வைத்த வரிசை அது. முதல் வாரத்தை அவசரமாகக் கடந்துவிட்டு இரண்டாம் வாரக் கதையை மட்டும் சொல்லக் கூடாது. கோப்பில் இந்த இரண்டு ஞாயிறையும் ஒரே பக்கத்தில் வையுங்கள்.

எழுத்தாணி:

இனி தூக்க வேண்டியவை.

ஒன்று, நாற்பது வயதில் பாறையில் அலகை மோதி உடைத்து, நகத்தையும் இறகையும் பிடுங்கி, புது அலகு முளைத்து இன்னும் முப்பது வருடம் வாழும் கழுகு. எசாயா 40:31 வந்தால் இதுவும் கூடவே வரும். அலகை உடைத்த கழுகு தின்ன முடியாமல் செத்துப்போகும். காட்டில் கழுகுகள் எழுபது வருடம் வாழ்வதும் இல்லை.

இரண்டு, ஈஸ்டர் அன்று மடித்துவைத்த துணி. எஜமான் சாப்பாட்டு மேசையில் துணியை மடித்து வைத்தால் "திரும்பி வருவேன்" என்று அர்த்தமாம். அப்படி ஒரு யூத வழக்கத்துக்குப் பழைய ஆதாரம் ஒன்றும் இல்லை.

மூன்று, எருசலேமில் "ஊசியின் காது" என்ற குட்டி வாசல், ஒட்டகம் முட்டிபோட்டு நுழையும். அப்படி வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை. அதைவிட, "மனிதரால் இது கூடாது" என்ற அடுத்த வரியையே அது கெடுக்கிறது. முட்டிபோட்டால் முடியும் என்றாகிவிடுகிறதே. மாற்கு 10 வருவது 2027இல், அதற்குள் மறந்துவிடுங்கள்.

நான்கு, ஓடிப்போகும் ஆட்டுக்குட்டியின் காலை ஒடித்துத் தோளில் சுமக்கும் மேய்ப்பர். திருவிவிலியத்தில் இல்லை, மேய்க்கிறவனுக்கும் கட்டுப்படியாகாது. ஏப்ரல் 26 நல்லாயன் ஞாயிறுக்கு இது வரவே கூடாது, அடிக்கிற பெற்றோருக்குச் சாக்கு கிடைத்துவிடும்.

ஐந்து, தலைமைக் குருவின் காலில் கயிறு கட்டித் தூயகத்துக்குள் அனுப்பினார்கள் என்பது. யாத்திராகமத்திலும் இல்லை, லேவியராகமத்திலும் இல்லை. இடைக்கால எழுத்துகளில்தான் தலைகாட்டுகிறது.

சண்டேஸ்கூல்டீச்சர்:

கழுகு கதையைச் சொன்னா பிள்ளைங்க கண் விரியும். உவமையில் வர்ற நல்ல சமாரியனும் நடந்த ஆள் இல்லையே? அதைச் சொல்லலாம், இதைச் சொல்லக்கூடாதா?

எழுத்தாணி:

டீச்சர், "ஒரு மனிதர் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போனார்" என்று கேட்டவுடன் கேட்பவருக்கு இது உவமை என்று தெரிகிறது. கழுகை நீங்கள் சொல்வது "கழுகு இப்படித்தான் செய்யும்" என்று. அது தகவல். பிள்ளை வீட்டுக்குப் போய்ப் போனில் தேடினால் இரண்டு நிமிடத்தில் பொய் என்று தெரிந்துவிடும், அதே நாவால் சொன்ன உயிர்ப்பையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். கழுகே வேண்டுமென்றால் உண்மைக் கழுகு இருக்கிறது. அது இறக்கையை அடித்து அடித்து மேலே போவதில்லை. வெயிலில் சூடாகி மேலெழும் காற்றைக் கண்டுபிடித்து, இறக்கையை விரித்து வைத்து வட்டமிட்டே ஏறும். இறகு உதிர்வதும் உண்டு, ஆனால் சிறிது சிறிதாக, பறப்பது நிற்காதபடி. "ஆண்டவருக்காகக் காத்திருப்போர்" என்ற வரிக்கு இது உடைந்த அலகைவிட நன்றாகவே பொருந்தும். திருவருகைக் காலம் இரண்டாம் வாரப் புதன் வாசகம் எசாயா 40:25-31. 2025இல் அது டிசம்பர் 10.

சண்டேஸ்கூல்டீச்சர்:

சரி, வட்டமிடற கழுகை எடுத்துக்கறேன். காகிதத்தில் செஞ்சு காட்டவும் வசதி.

நல்லாயனுக்கு ஒன்னு சேர்க்கிறேன். 2001இல் வெளியான ஆய்வு: செம்மறி ஆடு ஐம்பது ஆடுகளின் முகங்களை ரெண்டு வருஷம் வரை நினைவு வைக்குது. ஏப்ரல் 26 நற்செய்தி யோவான் 10:1-10, அங்கே பேச்சு குரலைப் பற்றி. ஆய்வு முகத்தைப் பற்றி. அதை மறைக்காம சொல்லிடணும்.

உபதேசியார்:

நயாகரா கயிறு? தள்ளுவண்டியோடு கயிற்றில் போனவர் கூட்டத்தைப் பார்த்து "என்னால் ஒரு மனிதனை இதில் வைத்துத் தள்ள முடியும் என்று நம்புகிறீர்களா? அப்படியானால் ஏறுங்கள்" என்றது. விசுவாசம் என்றாலே அதுதான்.

எழுத்தாணி:

சார்ல்ஸ் பிளோந்தின் 1859 ஜூன் 30இல் கடந்தது உண்மை, தள்ளுவண்டியும் உண்மை. அந்த உரையாடலுக்குத்தான் ஆதாரம் இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் தன் மேலாளர் ஹாரி கோல்கார்டை முதுகில் சுமந்து கடந்தார். அது நடந்தது, அதைச் சொல்லுங்கள். யாரும் ஏறவில்லை என்ற கதையைவிட ஒருவர் ஏறினார் என்பது தொடக்கநூல் 12க்கு (மார்ச் 1) பொருத்தம். ஆபிராம் புறப்பட்டுப் போனாரே.

மெழுகுத்திரி:

தூக்க வேண்டியதில் எனக்கு முதலிடம் ரயில் பாலக் கதை. பாலக்காரரின் மகன் பல்சக்கரத்துக்குள் விழுந்துவிடுகிறான், ரயில் வருகிறது, தந்தை நெம்புகோலை இழுத்து மகனை நசுக்கிப் பயணிகளைக் காப்பாற்றுகிறார். யோவான் 3:16க்கு இதைச் சொல்லாத ஊரே இல்லை. மத்தேயு ஆண்டில் அந்த வசனம் எங்களுக்கு மூவொரு கடவுள் ஞாயிறன்று (மே 31), மற்றவர்களுக்கு மார்ச் 1.

நடந்ததா இல்லையா என்பதை விடுங்கள். கதையின் எலும்பே தப்பு. மகனை யாரும் கேட்கவில்லை, அவன் விபத்தில் மாட்டியவன். யோவான் 10:18இலோ "என் உயிரை என்னிடமிருந்து யாரும் பறித்துக்கொள்வதில்லை, நானாகவே கொடுக்கிறேன்". தந்தை சந்தர்ப்பத்தின் கைதி, வேறு வழியில்லாமல் இழுக்கிறார். யோவானில் அனுப்புவது அன்பு. மூவொரு கடவுள் விழாவன்று தந்தையையும் மகனையும் எதிரெதிரே நிறுத்தும் கதையைவிட விழாவுக்கு விரோதமானது வேறு இல்லை. பிள்ளைகள் அன்றிரவு நினைப்பது அப்பா என்னையும் அப்படிச் செய்வாரோ என்றுதான். கண்ணீர் வருகிறது என்பதற்காகக் கதை சரியாகிவிடாது.

கடைசிபெஞ்ச்:

பாலத்தை எடுத்தாயிற்று. கோல்பே இருக்கலாமா? மார்ச் 8, உரோமையர் 5.

எழுத்தாணி:

இருக்கலாம், விவரங்களைத் திருத்தி. போலந்துக் குரு மாக்சிமிலியன் கோல்பே, அவுஷ்விட்ஸ் நாசி வதைமுகாம், 1941 ஜூலை இறுதி. ஒரு கைதி தப்பியதால் பத்துப் பேரைப் பட்டினிச் சாவுக்குப் பொறுக்கினார்கள். ஃபிரான்சிசெக் கயோவ்னிசெக் மனைவி மக்களை நினைத்து அலற, கோல்பே முன்வந்து அவர் இடத்தை எடுத்தார். சுட்டுக் கொல்லப்படவில்லை, இரண்டு வாரப் பட்டினிக்குப் பிறகும் உயிரோடு இருந்ததால் ஆகஸ்ட் 14இல் கார்பாலிக் அமில ஊசி. கயோவ்னிசெக் 1982 புனிதர் பட்ட விழாவில் இருந்தார், 1995இல் இறந்தார்.

ஆனால் கதை பாதி தூரம்தான் வரும். "நல்லவர் ஒருவருக்காக ஒருவேளை யாரேனும் தம் உயிரைக் கொடுக்கத் துணியலாம்" என்கிற 5:7 வரைக்கும் கோல்பே. 8ஆம் வசனத்தில் பவுல் "நாம் பாவிகளாய் இருந்தபோதே" என்று மேலே போகிறார். கயோவ்னிசெக் சக கைதி, பகைவன் அல்ல. கதை நிற்கிற இடத்திலிருந்து பவுல் எங்கே போகிறார் என்று சொல்லத் தெரிந்தவர் மட்டும் இதை எடுக்கலாம்.

உபதேசியார்:

நல்ல சமாரியன் பேச்சு வந்ததால்: பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்களை வைத்து டார்லி, பாட்சன் செய்து 1973இல் வெளியிட்ட சோதனை. மாணவர்களில் சிலருக்கு நல்ல சமாரியன் உவமையைப் பற்றிப் பேச வேண்டிய பணி. போகிற வழியில் ஒருவன் சரிந்து கிடக்கிறான். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் உதவினார்கள், நடுத்தர அவசரத்தில் 45, கடும் அவசரத்தில் 10. எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசம் செய்யவில்லை. லூக்கா 10 வருவது 2028இல்தான். ஆனால் 2026 அக்டோபர் 25இல் மத்தேயு 22:34-40, பிறனை நேசிப்பது. அங்கே வைக்கலாம். மொத்தமே 40 பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று முழங்காதீர்கள்.

கடைசிபெஞ்ச்:

ஈஸ்டருக்கு மேசைத் துணியை எடுத்துவிட்டதால் அந்த இடம் காலி. என்ன வைப்பது?

மெழுகுத்திரி:

வெளியே தேட வேண்டாம். மத்தேயு ஆண்டு என்பதால் தவக்காலம் ஐந்தாம் ஞாயிறு, மார்ச் 22, இலாசர். யோவான் 11:44இல் அவர் வெளியே வருகிறார்: கையும் காலும் கட்டியபடி, முகத்தைச் சுற்றித் துணி. "கட்டுகளை அவிழ்த்துப் போக விடுங்கள்" என்று மற்றவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சரியாக இரண்டு வாரம் கழித்து ஏப்ரல் 5, யோவான் 20:1-9. தலையைச் சுற்றியிருந்த துணி தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அவிழ்க்க யாரும் தேவைப்படவில்லை. இலாசருக்குத் துணி மறுபடி தேவைப்படும், அவர் இன்னொரு முறை சாவார். மார்ச் 22இல் துணியைப் பற்றி ஒரு வரி சொல்லி வையுங்கள், விளக்காதீர்கள். ஏப்ரல் 5இல் எடுங்கள். இலாசர் ஐந்தாம் ஞாயிறு வாசகமாக வராத ஆண்டுகளில் இந்த ஏற்பாடு எடுபடாது.

உபதேசியார்:

நீளத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எழுத்தில் 200 சொல்லுக்கு மேல் போகாதபடி பாருங்கள், நிதானமாகச் சொன்னால் இரண்டு நிமிடம். பெயர் இரண்டுக்கு மேல் வேண்டாம், வருடம் ஒன்று போதும். கோல்பேயில் இரண்டு பெயருமே வாயில் நுழையாதவை. இரண்டாவதை "ஒரு குடும்பத்தலைவர்" என்று விட்டுவிடலாம். கோப்பில் மட்டும் முழுப் பெயர் இருக்கட்டும்.

கடைசிபெஞ்ச்:

கோப்பில் "எங்கே நிறுத்துவது" என்று ஆறாவது கட்டம் சேர்த்துவிட்டேன். 7, 8, 9, 10ஆம் ஞாயிறுகளைத் தனித் தாளுக்கு மாற்றியாயிற்று. மலைப்பொழிவுப் பேறுகள் பிப்ரவரி 1இல் ஒருமுறைதானே?

மெழுகுத்திரி:

இல்லை, இரண்டு முறை. 2026 நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. புனிதர் அனைவர் பெருவிழா 31ஆம் ஞாயிறைத் தள்ளிவிடும், நற்செய்தி மறுபடியும் மத்தேயு 5:1-12. பிப்ரவரிக் கதை முதல் பேறை எடுத்தால் நவம்பருக்குக் கடைசிப் பேறு, துன்புறுத்தப்படுவோர். கோல்பேயை மார்ச்சில் செலவழிக்க மனமில்லாவிட்டால் அங்கே வைக்கலாம்.